கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு வீட்டிலேயே ஆன்டெனா செய்வது: மரத்தடியில் சிக்னல் விட்டுப்போகிறது, யோசனை சொல்லுங்கள்

மலைப்பாதை

எல்லோருக்கும் வணக்கம். காட்டுப் பாதைகளை நடந்து பதிவு செய்வது என் வேலை. என்னிடம் இருப்பது பழைய கையடக்க ஜிபிஎஸ் ரிசீவர். தலைப்பகுதியில் தடித்த குச்சி போல உள் ஆன்டெனா, முதுகில் ரப்பர் மூடிக்குள் வெளி ஆன்டெனா செருகும் சின்ன எம்சிஎக்ஸ் துளை. திறந்த வெளியில் ஒரு குறையும் இல்லை. அடர்ந்த மரங்களுக்குள் நுழைந்ததும் 4 அல்லது 5 சாட்டிலைட்தான் நிற்கிறது, சில இடங்களில் அதுவும் போய்விடுகிறது. போன பாதையிலேயே திரும்பி வந்தாலும் திரையில் இரண்டு கோடுகள் எங்கெங்கோ ஓடுகின்றன.

சிக்னலைக் கூட்டித்தரும் ஆன்டெனாவை நானே செய்ய ஆசை. சாலிடரிங் நன்றாக வரும், ரேடியோ பக்கம் அறிவு குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

செம்புக்கம்பி

துளை இருக்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வாகனத்துக்கு என்று விற்கும் காந்த அடி பேட்ச் ஆன்டெனாவை (உள்ளே தட்டையான பீங்கான் சில்லு இருக்கும்) வாங்கிச் செருகினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அதன் அடியில் 7 செ.மீ.க்கு 7 செ.மீ. உலோகத் தகடு ஒன்று கட்டாயம் வையுங்கள். 25 மி.மீ. பீங்கான் பேட்ச்களைப் பெரும்பாலும் அந்த அளவுத் தகட்டை அடியில் வைத்துத்தான் அளந்து குறிப்பிடுவார்கள். வெறும் தொப்பியில் ஒட்டிவிட்டு "ஒன்றும் தேறவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

மலைப்பாதை

நன்றி அண்ணா. வாங்கினால் வேலை முடியும் என்பது புரிகிறது. ஆனால் செய்து பார்த்தால்தான் எனக்கு விஷயம் மண்டையில் ஏறும். பழைய டிவி பூஸ்டர் ஒன்று வீட்டில் கிடக்கிறது. கம்பி ஆன்டெனா ஒன்று செய்து, நடுவில் அதைப் போட்டால் ஆகுமா?

அலைநீளம்

தம்பி, அந்தப் பூஸ்டரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சாதாரண டிவி பூஸ்டர் 860 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிடும். நமக்கு வேண்டியது 1575.42. டிஷ் கேபிளில் போடும் பூஸ்டர் 950 முதல் 2150 வரை எடுக்கும், ஆகவே அலைவரிசை பொருந்தும். ஆனால் அது 13 முதல் 18 வோல்ட்டில் ஓடுவது. அந்த மின்னழுத்தம் கேபிள் வழியே உங்கள் ரிசீவருக்குள் போனால் கருவி போயிற்று.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

சாட்டிலைட் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீழே வந்து சேரும் சிக்னலுக்கு உறுதி தரப்பட்ட குறைந்தபட்ச அளவு மைனஸ் 128.5 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் டெசிபல் கணக்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு). ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதே 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்பத்தால் தானாக எழும் இரைச்சல் மைனஸ் 111 டிபிஎம். அதாவது இரைச்சல் சிக்னலைவிட 50 மடங்குக்கு மேல் பெரியது. ரிசீவர் எப்படிப் பிடிக்கிறது என்றால், ஒவ்வொரு சாட்டிலைட்டும் 1023 துண்டுகள் கொண்ட தன் குறியீட்டை ஒரு மில்லி வினாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்தக் குறியீடு ரிசீவருக்கு மனப்பாடம். பேரிரைச்சலுக்கு நடுவிலும் தெரிந்த பாட்டின் மெட்டு காதில் பிடிபடுகிறதல்லவா, அப்படித்தான்.

இப்போது ஆம்ப்ளிஃபயர் போட்டால் என்ன ஆகும்? சிக்னல் கூடும், அதே மடங்கு இரைச்சலும் கூடும். போதாததற்கு ஆம்ப்ளிஃபயர் தன் பங்குக்கும் இரைச்சல் சேர்க்கும். வரிசையில் முதலில் நிற்பது எதுவோ அதுதான் மொத்தக் கணக்கையும் தீர்மானிக்கும் என்பதை ஃப்ரீஸ் என்ற ரேடியோ பொறியாளர் 1944-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார். முதலில் நீளமான கேபிள், அதன் பிறகு பூஸ்டர் என்று வைத்தால், கேபிளில் தொலைந்தது தொலைந்ததுதான். எந்த ஆம்ப்ளிஃபயராலும் அதை மீட்க முடியாது. ஆகவே "கூட்டித்தருவது" என்ற எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வந்து விழும் துளியைச் சிந்தாமல் கொண்டுசேர்ப்பதுதான் இங்கே வேலை.

மலைப்பாதை

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை ஐயா. அப்படியானால் டிஷ் மாதிரி, அல்லது கம்பியைச் சுருளாகச் சுற்றிய நீளமான ஹெலிக்ஸ் மாதிரி, அதிகம் இழுக்கும் ஆன்டெனா செய்தால்?

வரைபடப்பிரியை

அது இன்னொரு பொறி. டிஷ் ஒரு திசையை மட்டும் பார்க்கும். உங்களுக்கு ஒரே நேரத்தில் குறைந்தது 4 சாட்டிலைட் வேண்டும், அதுவும் வானம் முழுக்கப் பரவி நிற்க வேண்டும். எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தால், சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் திரையில் காட்டும் இடம் தள்ளாடும். நில அளவைக்காரியாகச் சொல்கிறேன்: எனக்கு வேண்டியது கவிழ்த்த கிண்ணம் போல அடிவானத்துக்குச் சற்று மேலிருந்து உச்சி வரை சமமாகப் பார்க்கும் ஆன்டெனா. பலம் அதற்கு அடுத்ததுதான்.

செம்புக்கம்பி

கிண்ணம் வேண்டும், கையால் செய்யவும் வேண்டும் என்றால் நான்கு கை ஹெலிக்ஸ்தான் சரி. கில்கஸ் என்ற ஆன்டெனா ஆய்வாளர் 1960-களின் கடைசியில் எழுதி வைத்தது, இன்றும் அதுவேதான். உங்கள் கருவியின் அந்தத் தடித்த குச்சிக்குள்ளும் அநேகமாக அதன் தம்பிதான் இருப்பான்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 190.3 மி.மீ. இரண்டு வளையம் வேண்டும், ஒன்று சற்றுப் பெரியது, மற்றது சற்றுச் சிறியது. பெரிய வளையத்துக்குக் கம்பி மொத்தம் 213 மி.மீ., உயரம் 49.5, விட்டம் 33. சின்னதுக்குக் கம்பி 193 மி.மீ., உயரம் 45, விட்டம் 30 சுமார். இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழ் வரை அரைச் சுற்று முறுக்க வேண்டும். பெரியது சற்றுத் தாழ்ந்த அலைவரிசைக்கும் சின்னது சற்று உயர்ந்ததற்கும் ஒத்துப்போவதால், இரண்டுக்கும் நடுவே 90 பாகை வித்தியாசம் தானாகவே வந்துவிடும். வட்டமாகச் சுழலும் அலையைப் பிடிக்க அதுதான் தேவை. கம்பி 1.5 மி.மீ. செம்பு போதும். இந்த அலைவரிசையில் ஒரு மி.மீ. பிசகினாலும் 8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடும், அளவுகோலை நம்பாமல் வெர்னியர் வைத்து அளங்கள்.

தாங்கும் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஆனால் கம்பியோடு ஒட்டாமல் நடுவில் மெல்லியதாக நிற்கட்டும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் சில சமயம் கரி கலந்திருக்கும், வேண்டாம்.

கூரைமேல்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கருவியில் துளையே கிடையாது. வெளியே ஒரு ஆன்டெனா, ஒரு ஆம்ப்ளிஃபயர், உள்ளே இன்னொரு சின்ன ஆன்டெனா என்று வைத்துச் சிக்னலை மறுபடி பரப்பிவிட்டால் எனக்கும் ஆகுமா?

அலைநீளம்

ஆகும், ஆனால் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். ஜிபிஎஸ் அலைவரிசையில் பரப்புவதைப் பல நாடுகள் உரிமம் இல்லாமல் அனுமதிப்பதில்லை. காரணமும் நியாயமானது: உங்கள் அறைக்குள் இருக்கும் எல்லா ரிசீவரும், கசிந்தால் பக்கத்து வீட்டு ரிசீவரும்கூட, உங்கள் கூரை ஆன்டெனா இருக்கும் இடத்தையே தன் இடமாகக் காட்டும். உள் ஆன்டெனாவிலிருந்து வெளி ஆன்டெனாவுக்குத் திரும்பிப்போகும் அலையை ஆம்ப்ளிஃபயர் மறுபடி பெருக்கினால் ஊளையிடவும் ஆரம்பிக்கும்.

துளை இல்லாத கருவிக்கு நல்ல வழி, கருவியையே உயரத்துக்குக் கொண்டுபோவதுதான். பையின் தோள்பட்டை மேல் மட்டத்தில் கட்டுங்கள். பேட்ச் வகை என்றால் முகம் வானத்தைப் பார்க்கப் படுக்கவையுங்கள், குச்சி வகை என்றால் நிமிர்த்தி நிறுத்துங்கள். இடுப்பில் தொங்கவிட்டால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும்.

மலைப்பாதை

முதல் ஆன்டெனாவை நேற்று முடித்தேன், ஆனால் வேலை செய்யவில்லை. செருகியதும் திரையில் ஒரு சிக்னல் கம்பம்கூட எழவில்லை. கழற்றினால் உள் ஆன்டெனாவில் பழையபடி வருகிறது. கால் மணி நேரம் திறந்த வெளியில் வைத்துப் பார்த்தேன், பூச்சியம். எல்லா இணைப்பையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டேன், சாலிடர் பளிச்சென்று இருக்கிறது.

செம்புக்கம்பி

உடனே கழற்றிவிடுங்கள்! மல்டிமீட்டரை எடுத்து இரண்டு அளவு சொல்லுங்கள். ஆன்டெனா கனெக்டரின் நடு ஊசிக்கும் வெளிச் சுற்றுக்கும் இடையே எத்தனை ஓம்? கருவியின் துளையில் நடுவே எத்தனை வோல்ட்?

மலைப்பாதை

ஆன்டெனா 0.2 ஓம். துளையில் 2.9 வோல்ட்.

செம்புக்கம்பி

அப்பாடா, துளை பிழைத்தது. நடந்தது இதுதான்: ஆம்ப்ளிஃபயர் உள்ள வெளி ஆன்டெனாக்களுக்கு மின்சாரம் கொடுக்க, கருவி நடு ஊசியில் 3 வோல்ட் பக்கம் வைத்திருக்கிறது. உங்கள் ஹெலிக்ஸ் மூடிய வளையம். நேர் மின்னோட்டத்துக்கு அது வெறும் ஷார்ட். முன்பே சொல்லியிருக்க வேண்டியது நான், விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

நடு ஊசிக்குப் போகும் வழியில் தொடராக 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். 1575-க்கு அது 1 ஓம்தான், சிக்னல் தாராளமாகப் போகும், நேர் மின்னோட்டம் நின்றுவிடும். கால் நீட்டிய வட்டக் கெப்பாசிட்டர் வேண்டாம். ஒரு மி.மீ. கால் ஒரு நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால், அது ஒன்றே 10 ஓம். இரண்டு பக்கமும் 5 மி.மீ. கால் விட்டால் 100 ஓம் சுவர் எழுப்பியது போல. பலகையில் ஒட்டும் பொடிச் சில்லுக் கெப்பாசிட்டரைக் கேபிளின் நடுக் கம்பியை வெட்டி, அந்த இடைவெளியிலேயே வைத்துச் சாலிடர் செய்யுங்கள்.

மலைப்பாதை

போட்டேன். கடுகை இடுக்கியில் பிடித்து ஒட்டுவது போல இருந்தது, மூன்றாவது முயற்சியில் நின்றது. இப்போது கம்பங்கள் வருகின்றன! ஆனால் உள் ஆன்டெனாவைவிட மோசம். கருவியின் தரவு வெளியீட்டைக் கணினியில் இணைத்து, ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் பலத்தையும் டெசிபலில் சொல்லும் ஜிஎஸ்வி வரியில் வரும் எண்களைப் பார்த்தேன். திறந்த வெளியில் உச்சியில் இருக்கும் சாட்டிலைட்டுக்கு உள் ஆன்டெனா 43 காட்டுகிறது, என்னுடையது 30. மற்றவையும் அப்படியே 10, 12 குறைவு. அதுமட்டுமல்ல, மேசை மேல் அசையாமல் இருந்தும் இடம் 30 மீட்டர் அங்குமிங்கும் அலைகிறது. அளவெல்லாம் வெர்னியரில் சரியாக இருக்கிறது.

வரைபடப்பிரியை

அலைவது எனக்குச் சந்தேகம் தருகிறது. சிக்னல் பலவீனம் மட்டும் என்றால் எண் குறையும், திறந்த வெளியில் இடம் இவ்வளவு நடக்காது. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகளை நேரலையைவிட அதிகம் பிடிக்கிறதோ? எந்தப் பக்கம் முறுக்கினீர்கள்?

மலைப்பாதை

ஜிபிஎஸ் அலை வலப்பக்கமாகச் சுழலும், அதாவது வலச்சுழல் என்று படித்தேன். அதனால் சாதாரண மரையாணி எப்படிப் போகிறதோ அப்படியே வலமரையாக முறுக்கினேன்.

அலைநீளம்

கண்டுபிடித்துவிட்டீர்கள் அம்மா. தம்பி, நீளமான ஒற்றை ஹெலிக்ஸ் ஆன்டெனாவுக்கு நீங்கள் நினைத்தது சரி: வலமரைக்கு வலச்சுழல். மேலே இணைப்புக் கொடுக்கும் நான்கு கை ஹெலிக்ஸுக்கு அது அப்படியே தலைகீழ். இதில் வலச்சுழல் வேண்டுமானால் இடமரையாக முறுக்க வேண்டும். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது.

இப்போது உங்கள் கையில் இருப்பது நல்ல இடச்சுழல் ஆன்டெனா. நேரே வரும் வலச்சுழல் அலையை அது ஒதுக்கிவிடும், அந்த 10, 12 டெசிபல் இழப்பு அதுதான். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலை, பட்டவுடன் சுழற்சியை மாற்றிக்கொள்ளும். அதைத்தான் இந்த ஆன்டெனா வாரி எடுக்கிறது. சுற்றுவழியில் வந்த அலையின் தூரத்தை ரிசீவர் நேர்வழித் தூரம் என்று நம்புகிறது, இடம் அலைகிறது. கம்பியை நேராக்கிப் புதிதாக முறுக்க வேண்டாம், செம்பு இறுகிவிடும். புதுக் கம்பி எடுங்கள்.

மலைப்பாதை

இரண்டாவது ஆன்டெனா, இடமரை. இருப்புக்கொள்ளாமல் இரவே முடித்தேன். இடம் இப்போது ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. எண்கள் 41, 38, 36. அதே சாட்டிலைட்டுகளுக்கு உள் ஆன்டெனா நேற்று 43, 41, 38. இரண்டு மூன்று குறைவாகவே நிற்கிறது. ஏன்?

வரைபடப்பிரியை

ஒப்பிட்ட நேரம் ஒன்றுதானா? சாட்டிலைட் நகர்ந்தால் எண்ணும் நகரும். இங்கே ஒரு வசதி இருக்கிறது: ஒரு சாட்டிலைட் பூமியை 11 மணி 58 நிமிடத்தில் சுற்றுகிறது, இரண்டு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். ஆகவே மறுநாள் 4 நிமிடம் முன்னதாகப் பார்த்தால், வானம் ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும். இன்று 7.30-க்கு ஒன்று, நாளை 7.26-க்கு மற்றொன்று. இரண்டு ரிசீவர் இல்லாதவர்களுக்கு இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடையாது.

மலைப்பாதை

அப்படியே செய்தேன் அக்கா. வித்தியாசம் மாறவில்லை. 2 முதல் 3 வரை குறைவு.

அலைநீளம்

என்ன கேபிள், எவ்வளவு நீளம்?

மலைப்பாதை

ஆர்ஜி-174, இரண்டு மீட்டர்.

அலைநீளம்

விடை அங்கேயே இருக்கிறது. அந்த மெல்லிய கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் தின்னும். உங்கள் ஆன்டெனா உள் ஆன்டெனாவுக்குச் சளைத்ததல்ல, கேபிள்தான் வரி வசூலிக்கிறது. டிவிக்குப் போடும் தடித்த 75 ஓம் கேபிள் மீட்டருக்குக் கால் டெசிபல் பக்கம்தான் இழக்கும், கருவியின் 50 ஓமுக்குக் கேபிளின் 75 ஓம் பொருந்தாததால் போவது 0.2 டெசிபலுக்கும் கீழே. நிலையாகக் கூரையில் வைப்பதென்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். முதுகுப் பையில் வளையாது.

ஆகவே இப்போதுதான் ஆம்ப்ளிஃபயருக்கு முறை வருகிறது. ஆன்டெனாவின் காலடியில், கேபிளுக்கு முன்னால். நல்ல சில்லு ஒன்றே 0.8 டெசிபல் இரைச்சலில் 20 டெசிபல் தரும். அதன் பிறகு கேபிள் 3 தின்றாலும் கவலையில்லை.

செம்புக்கம்பி

புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பீங்கான் உடைந்துபோன காந்த அடி ஆன்டெனா யாரிடமாவது கிடக்கும். அதைத் திறந்தால் பீங்கானுக்கு அடியில் ஒரு தகர மூடி, அதற்குள் ஆம்ப்ளிஃபயரும் வடிகட்டியும். பீங்கானின் நடுவிலிருந்து ஒரு ஊசி கீழே இறங்கிப் பலகையில் சாலிடர் ஆகியிருக்கும். அந்த ஊசியைக் கழற்றி, உங்கள் ஹெலிக்ஸின் நடுக் கம்பியை அங்கே கொடுங்கள், வெளிச் சுற்றைத் தகர மூடிக்கு. கெப்பாசிட்டர் ஹெலிக்ஸ் பக்கமே இருக்கட்டும். அதற்குப் பிறகு கேபிளில் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது, 3 வோல்ட் இந்தத் தடவை மேலே போயே ஆக வேண்டும்.

கூரைமேல்

ஒரு சின்ன சந்தேகம். இரண்டு மீட்டர் கேபிள் வழியே சிக்னல் தாமதமாக வருகிறதே, இடம் இரண்டு மீட்டர் தள்ளிக் காட்டாதா?

வரைபடப்பிரியை

நல்ல கேள்வி. காட்டாது. கேபிளில் மீட்டருக்கு 5 நானோ வினாடி தாமதம்தான், ஆனால் எல்லாச் சாட்டிலைட்டுக்கும் அதே தாமதம். ரிசீவர் கணக்குப் போடும்போது இடத்தோடு தன் கடிகாரப் பிழையையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறது, அதற்காகத்தான் மூன்று போதாமல் நான்கு சாட்டிலைட் கேட்கிறது. பொதுவான தாமதம் முழுவதும் கடிகாரக் கணக்கில் போய் விழும். திரையில் வருவது ஆன்டெனா நிற்கும் இடம்.

மலைப்பாதை

முடிந்தது. உடைந்த ஆன்டெனா ஒன்று நண்பரிடம் கிடைத்தது. ஊசியைக் கழற்றும்போது பலகையின் செம்பு சற்றே தூக்கிக்கொண்டது, பக்கத்துத் தடத்துக்கு ஒரு மயிரிழைக் கம்பி போட்டுச் சரிசெய்தேன். மேலே பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்து, சுற்றிலும் சிலிக்கோன் பூசினேன். கம்பிக்கும் டப்பாவுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

திறந்த வெளியில், 4 நிமிடக் கணக்குப்படி: உள் ஆன்டெனா 43, 41, 38. என்னுடையது 44, 43, 39. திரைக் கம்பங்கள் உயரமாக எழுகின்றன, ஆனால் ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு கம்பத்தைப் பார்க்காமல் எண்ணையே பார்க்கிறேன்.

உண்மையான வித்தியாசம் மரங்களுக்குள்தான். கருவியைக் கையில் பிடித்து நடந்தபோது 22-லிருந்து 34 வரை தாவிக்கொண்டிருந்தது. ஆன்டெனாவைப் பையிலிருந்து ஒரு குச்சியில் என் தலைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி நடந்தேன். 30-க்குக் கீழே போனவை இரண்டே இரண்டு, 8 சாட்டிலைட் கடைசி வரை நின்றன. போன கோடும் வந்த கோடும் முக்கால்வாசித் தூரம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. பாறையை ஒட்டிய வளைவில் மட்டும் பிரிகின்றன.

வரைபடப்பிரியை

பாறையில் பட்டுத் திரும்புவது எந்த ஆன்டெனாவிலும் கொஞ்சம் இருக்கும். அந்த வளைவில் நடக்காமல் இரண்டு மூன்று நிமிடம் நின்று சராசரி எடுங்கள்.

செம்புக்கம்பி

தலைக்கு மேல் ஏற்றியதற்கு எவ்வளவு, ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா?

மலைப்பாதை

பார்த்தேன் அண்ணா. ஆம்ப்ளிஃபயர் இல்லாத இரண்டாவது ஆன்டெனாவை அதே குச்சியில் கட்டி, மறுநாள் 4 நிமிடம் முன்னதாக அதே பாதையில் நடந்தேன். 7 சாட்டிலைட் நின்றன. கையில் பிடித்தால் 4 அல்லது 5, உயர்த்தியதும் 7, ஆம்ப்ளிஃபயர் சேர்த்ததும் 8. உயரம்தான் பெரும்பங்கு.

இங்கே இரண்டு நாளாக மழை. இலையெல்லாம் நனைந்து தொங்குகிறது. நாளைக் காலை அதே பாதையில் இரண்டையும் கொண்டுபோகிறேன், ஈர இலைக்கு அடியில் எண் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுகிறேன்.